லாட்ஜ் என்றால் ரூம் போடும் லாட்ஜ் இல்லை

மதுரையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவருக்கு, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டில் பூட்டிக் கிடக்கும் செங்கல் கட்டடத்தைத் தாண்டும்போது, "அது பழைய லாட்ஜ்" என்று சொல்லிவைத்தேன். "ஏண்ணே, ரூம் வாடகை எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. தமிழில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரூம் போடும் இடம், தென்னாப்பிரிக்காவிலோ சிங்கம் பார்க்கப் போகிறவர்கள் தங்கும் இடம். நான் சொன்னது இரண்டும் இல்லை. தெருவில் நின்றபடி அவருக்குச் சொன்னதையும், வீட்டுக்கு வந்த பிறகு ‘அடடா, இதையும் சொல்லியிருக்கலாமே’ என்று தோன்றியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்த லாட்ஜ் ஒரு சகோதர சங்கத்தின் கூட்ட அறை. ஃப்ரீமேசன்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: ரகசியக் கைகுலுக்கல், கவராயமும் மூலைமட்டமும் சேர்ந்த சின்னம், இடுப்பில் கட்டும் ஏப்ரன். 1717இல் லண்டனில் நாலு லாட்ஜுகள் ஒன்றுசேர்ந்து தலைமைச் சங்கம் அமைத்தன. இங்கே கேப்டவுனில் டச்சுக்காரர்கள் காலத்திலேயே, 1772இல், ஒரு லாட்ஜ் தொடங்கிவிட்டது. பிறகு வெள்ளைக்காரன் எங்கெல்லாம் ரயில் போட்டானோ அங்கெல்லாம் ஸ்டேஷன், பேங்க், சர்ச், அதற்கடுத்து லாட்ஜ் என்று வரிசையாக வந்தன. எங்கள் ஊர் வடக்கு நேட்டாலின் நிலக்கரிப் பகுதியில் இருக்கிறது, இங்கேயும் அதே வரிசைதான்.

உள்ளே என்ன இருக்கும்? கிழக்குப் பக்கம் படி வைத்து உயர்த்திய தலைவர் நாற்காலி, சுவரோரமாக எதிரெதிரே பெஞ்சுகள், நடுவில் காலியிடம். பல லாட்ஜுகளில் தரையில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம் உண்டு. வெளியே இருப்பவன் எட்டிப் பார்க்க முடியாதபடி ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சின்ன வயதில் எங்களுக்கு அது பேய் பங்களா. கிழக்கு பார்த்துப் பூஜை செய்கிறவர்கள்தான் நாமும், ஆனால் அப்போது யாரும் அதை எங்களுக்குச் சொல்லவில்லை.

ஃப்ரீமேசன்களைத் தவிர ஆட்ஃபெல்லோஸ், ஃபாரஸ்டர்ஸ் என்று வேறு சங்கங்களும் இருந்தன. அவற்றுக்கும் சடங்கு, பட்டம், கழுத்துப் பட்டை எல்லாம் உண்டு என்றாலும் அடிப்படை வேலை காசு சம்பந்தப்பட்டது. வாராவாரம் ஒரு சின்னத் தொகையைக் கட்டிவர வேண்டும். காய்ச்சலில் படுத்தால் சங்கம் படி கொடுக்கும், செத்தால் அடக்கச் செலவைப் பார்த்துக்கொள்ளும். இன்ஷூரன்ஸ் கம்பெனி சாதாரணத் தொழிலாளியைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. நம் ஊர் மொய்யையும் சீட்டையும் ஒன்றாகப் பிசைந்து மேலே கொஞ்சம் சாம்பிராணி போட்டால் எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஏற்பாட்டை நம் ஆட்களும் செய்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர், அதில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தைவிட்டு வெளியே வந்தவனுக்கு இங்கே பங்காளியும் கிடையாது, மாமன் மச்சானும் கிடையாது, செத்தால் தூக்க நாலு பேர் வேண்டும். அப்படிப் பிறந்தவைதான் நம் சங்கங்கள், இங்கே போர்டில் ‘சுங்கம்’ என்று படிக்கும்படி ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்களே, அவைதான். ஜோகன்னஸ்பர்க்கில் ‘தமிழ் பெனிஃபிட் சொசைட்டி’ என்ற பெயரிலேயே ஒன்று இருந்தது. அதன் தலைவர் தம்பி நாயுடு, மொரிஷியஸில் பிறந்தவர், காந்தியோடு சேர்ந்து பலமுறை ஜெயிலுக்குப் போனவர். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வால் மாகாணத்துப் பெண்களோடு வடக்கு நேட்டாலின் நியூகாசலுக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் வருஷாவருஷம் கட்ட வேண்டியிருந்த 3 பவுண்டு தலைவரிக்கு எதிராக நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். சாவுச் செலவுக்குச் சந்தா பிரிக்கத் தொடங்கிய பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

ஆக எங்கள் ஊரில் இரண்டு ஹால்கள் இருக்கின்றன. மெயின் ரோட்டில் லாட்ஜ். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட தமிழ்ச் சங்க ஹால். லாட்ஜை வாங்கி இடித்துவிட்டு கார் நிறுத்த இடம் போடலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. சங்க ஹாலை ‘மாடர்னாக’ மாற்றலாம் என்று எங்கள் கமிட்டியிலேயே ஒரு பேச்சு இருக்கிறது. இரண்டிலும் யாராவது ஒருவர் எழுந்து “பாரம்பரிய மதிப்பு” என்று சொல்ல, மற்றவர்கள் “இதில் என்ன பாரம்பரியம், தஞ்சாவூர் கோவிலா இது?” என்று கேட்க, டீ வந்துவிடும்.

அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பாரம்பரிய மதிப்பு என்றதும் நமக்கு இரண்டு அளவுகோல்தான் தெரியும்: எவ்வளவு பழசு, எவ்வளவு அழகு. இரண்டையும் வைத்துப் பார்த்தால் சின்ன ஊர் ஹால் எதுவும் தேறாது. ஆனால் டர்பன் கேட்டோ மேனரில் இருக்கும் அம்பலவாணர் ஆலயத்தைப் பாருங்கள். அம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோவில் 1905 வெள்ளத்தில் போய்விட்டது. இப்போது நிற்கும் கட்டடம் 1947இல் எழும்பியது. 1980இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தபோது கட்டடத்துக்கு வயது 33 தான், என்னைவிடச் சின்னது. கும்பகோணத்துக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆனால் அந்த அறிவிப்பு சரியானது, ஏனென்றால் மதிப்பிட்டது கல்லின் வயதை மட்டும் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகும் விடாமல் கட்டிய ஆட்களையும், அங்கே தொடர்ந்து நடக்கும் தீமிதியையும் சேர்த்துத்தான் மதிப்பிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம், ஓர் இடத்துக்கு மதிப்பு எப்படி வரும் என்பதற்கு ஒன்பது காரணங்களைச் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒப்பிக்கப்போவதில்லை. நாட்டின் அல்லது சமூகத்தின் வரலாற்றில் அதன் பங்கு, அரிதானதா, அதிலிருந்து புதிதாக எதையாவது தெரிந்துகொள்ள முடியுமா, ஒரு வகைக் கட்டடத்துக்கு நல்ல மாதிரியா, அழகு, தொழில்நுட்பத் திறமை, ஒரு சமூகத்துக்கு அதனோடு இருக்கும் நெருங்கிய பந்தம், முக்கியமான ஆளோ அமைப்போ அங்கே இயங்கியதா, அடிமை வரலாற்றோடு தொடர்பு உண்டா. அழகு ஒன்பதில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். கடைசிக் காரணத்தில் அடிமை முறை என்று இருக்கிறது, ஒப்பந்தக் கூலி முறை என்ற சொல் இல்லை. நம்முடையதை மற்ற தலைப்புகளின் கீழ்தான் வாதாட வேண்டும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், சரி, அது வேறு கதை.

லாட்ஜை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது அரிதும் இல்லை, பேரழகும் இல்லை. ஆனால் சுற்று வட்டாரத்தில் பல லாட்ஜுகள் ஃபர்னிச்சர் கடையாகவும் பிரார்த்தனைக் கூடமாகவும் மாறி உட்புறத்தை இழந்துவிட்டன. எங்கள் ஊர் லாட்ஜில் கிழக்கு மேடை அப்படியே இருக்கிறது, பூ அச்சடித்த தகரச் சீலிங்கும் இருக்கிறது. அப்படியானால் அது ‘நல்ல மாதிரி’ என்ற இடத்தில் நிற்கும்.

இங்கே ஒரு அண்ணன் என்னிடம் சூடாகக் கேட்டார்: “நம்மை வாசற்படி ஏறவிடாதவன் கட்டிய ஹாலுக்கு நாம் ஏன்டா மாரடிக்கணும்?” நியாயமான கேள்விதான். நிறவெறிக் காலத்தில் எங்கள் ஊரில் நம் ஆட்கள் அந்த லாட்ஜுக்குள் போனது ஜன்னல் துடைக்கவும் சமையல் பார்க்கவும்தான். அவருடைய அப்பாவே பின்வாசல் வழியாக சாமான் இறக்கியவர். நான் சொன்னது இவ்வளவுதான்: அந்தப் பின்வாசல் இன்னும் இருக்கிறது, முன்வாசலில் பாதி உயரம்தான், மேலே ஒரு தனி விளக்கு மாட்டும் கொக்கி. இடித்துவிட்டால், உங்கள் அப்பா எந்த வழியாக உள்ளே போனார் என்று உங்கள் பேரனுக்கு எதைக் காட்டுவீர்கள்? அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுவாரம் போய் அந்தக் கதவை போனில் படம் எடுத்து வந்தார்.

கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து 60,000 பேரை வெளியேற்றினார்கள். வீடுகள் தரைமட்டம். வழிபாட்டு இடங்கள் சில மட்டும் தப்பின. அப்படித் தப்பிய ஒரு மெதடிஸ்ட் சர்ச்சில் 1994இல் மியூசியம் திறந்தார்கள். தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடம், அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஊரே போன பிறகு ஒற்றைக் கூடம் ஊரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி எங்கள் சங்க ஹால். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. செங்கல் சுவர், நெளிநெளித் தகரக் கூரை, முன்னால் ஒரு திண்ணை. தமிழ் வகுப்பு, கல்யாணம், ஆடிக் கூழுக்கு முந்தைய நாள் காய் வெட்டு, கருமாதிச் சாப்பாடு, விடிய விடியக் கூத்து (இங்கே இங்கிலீஷில் அதற்கு ‘ஆறடி நடனம்’ என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது), எல்லாம் அதே தரையில்தான். ஆனால் சாமான் அறையில், மடக்கு நாற்காலிகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு பலகை இருக்கிறது. கட்டட நிதி கொடுத்தவர்கள் பட்டியல்.

அதைத் திருப்பி, ஈரத்துணியால் துடைக்காமல் (தயவுசெய்து துடைக்காதீர்கள், பழைய பெயின்ட் கையோடு வரும்) டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில், தொகையெல்லாம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். தென்னாப்பிரிக்கா 1961 பிப்ரவரி 14 அன்று ரேண்டுக்கு மாறியது. ஆக, பலகை அதற்கு முந்தியது. அடுத்து எழுத்து: ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய வடிவம். தமிழ்நாட்டில் 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகுதான் அது மெல்ல மறைந்தது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பலகையில் தமிழில் ‘கவுண்டர்’ என்று இருக்கிறது. அதே ஆள், எதிர்ச்சுவரில் தொங்கும் ஆங்கிலத் தலைவர்கள் பட்டியலில் ‘கோவெண்டர்’. இங்கே ‘முதலி’, அங்கே ‘மூட்லி’. கப்பலடியிலும் ஆபீசிலும் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியது சட்டப்பூர்வப் பெயராகிவிட்டது, ஆனால் சங்கத்துக்குள் நம் கையால் எழுதும்போது பழைய பெயர் உயிரோடுதான் இருந்தது. இதற்குச் சான்று எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, சாமான் அறையில் கிடைத்தது. ‘அதிலிருந்து புதிதாக எதையாவது தெரிந்துகொள்ள முடியுமா’ என்று சட்டம் கேட்கிறதே, அதற்கு இதுதான் அர்த்தம்.

கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு இந்தப் பலகையையும் மினிட்ஸ் புத்தகங்களையும் குப்பையில் போட்டால் பாதிக்கு மேல் போயிற்று என்பது என் கருத்து. கட்டடக் கலைஞர்கள் சண்டைக்கு வரலாம்.

நானே ஒரு பாவம் செய்திருக்கிறேன். ஹாலின் உள்சுவரில் திண்ணைப் பக்கமாக, சுண்ணாம்பின் மேலேயே பெயின்ட்டால் எழுதிய உபயப் பட்டியல் ஒன்று இருந்தது. பல வருஷம் முன்னால் ஒரு விழாவுக்காக ஹாலைப் ‘பளிச்’சென்று ஆக்க வேண்டும் என்று முடிவாகி, சுவரைச் சுரண்டி, சிமென்ட் பூசி, பச்சை எனாமல் அடித்தோம். டப்பா தூக்கியவர்களில் நானும் உண்டு. பெயர்கள் போனது ஒன்று. அடுத்தடுத்த மழைக்காலங்களில் சுவர் உப்புப் பூத்து உதிர ஆரம்பித்தது இன்னொன்று. பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் எழும்பியது, அது ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். மேலே சிமென்ட்டையும் எனாமலையும் போட்டு மூடினால் ஈரம் போக வழியில்லாமல் செங்கல்லையே தின்னும். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

கூரையும் அப்படித்தான். பழைய நெளித் தகரம் துருப்பிடித்தால் காண்ட்ராக்டர் உடனே சதுர மடிப்புள்ள ஐபிஆர் தகடு போடலாம் என்பார். மலிவு, சீக்கிரம். ஆனால் அது ஃபேக்டரிக் கூரை மாதிரி இருக்கும், ஹாலின் முகமே மாறிவிடும். நெளித் தகரம் இன்னும் கடையில் கிடைக்கிறது. மரத்தைப் பொறுத்தவரை, இந்த மாகாணத்தில் வீடு விற்கும்போது கேட்கும் வண்டுச் சான்றிதழ், அதாவது மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்ற சான்றிதழ், உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடு விற்கவில்லையென்றாலும் ஹாலுக்கும் அதே ஆளை வரவழைத்து உத்தரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்காக எதையும் தொடவே கூடாது என்று நினைக்காதீர்கள். டர்பன் பக்கத்தில் காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பில் அவருடைய வீடு 1985 கலவரத்தில் எரிந்துபோனது, 2000இல் மறுபடி கட்டினார்கள். மரமும் தகரமும் புதுசு. இடம் அதே இடம், அளவு அதே அளவு, ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். புதுசை முழுசாகப் பழசு என்று ஏமாற்றாமல் இருந்தால் போதும்.

சரி, சட்டம் நடைமுறையில் என்ன செய்யும்? 60 வயதைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும், அதில் ஒரு பகுதியையும்கூட, மாகாணப் பாரம்பரிய அமைப்பின் பெர்மிட் இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. யாரும் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, வயது ஆனாலே பாதுகாப்பு வந்துவிடும். பலகையில் பவுண்டு இருப்பது இங்கேதான் உதவும்: ஹால் கட்டியபோது எழுதிய பலகை என்றால், அந்த £ குறியே 60 வயது ஆகிவிட்டது என்று சொல்லிவிடுகிறது. (பலகை வேறு ஹாலிலிருந்து வந்ததா என்று மட்டும் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) நம் குவாசூலு-நேட்டால் மாகாண அமைப்பின் பெயர் அமாஃபா. சூலு மொழியில் ‘இஃபா’ என்றால் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து, அமாஃபா அதன் பன்மை. நம்முடைய ‘பாரம்பரியம்’ மேடைப் பேச்சு மாதிரி ஒலிக்கிறது, அவர்களுடையது சொத்துப் பத்திரம் மாதிரி ஒலிக்கிறது. எனக்கு அவர்களுடைய சொல்தான் பொருத்தமாகப் படுகிறது.

தரவரிசையும் உண்டு. முதல் தரம் நாடு முழுமைக்கும் முக்கியம், இரண்டாம் தரம் மாகாணத்துக்கு, மூன்றாம் தரம் ஊருக்கு. எங்கள் இரண்டு ஹாலும் மூன்றாம் தரத்தைத் தாண்டாது. மூன்றாம் தரம் என்றதும் மூஞ்சியைச் சுளிக்க வேண்டாம், சினிமா டிக்கெட் இல்லை இது. ஊருக்கு முக்கியம் என்று அர்த்தம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தரம் கிடைத்துவிட்டால் கூரை மாற்றப் பணம் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். பெர்மிட் என்றால் ‘முடியாது’ என்று அர்த்தமும் இல்லை. எதை மாற்றப்போகிறோம், ஏன், பதிலுக்கு என்ன வைக்கிறோம் என்று காகிதத்தில் சொல்லியாக வேண்டும். எங்கள் பச்சை எனாமலுக்கு அந்தக் காகிதம் எழுத உட்கார்ந்திருந்தால், எழுதும்போதே யாராவது ஒருவருக்கு உறைத்திருக்கும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஹால் இருந்தால், மனு எழுதுவதற்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு ஒரு மதியம் போய்வாருங்கள். அடிக்கல், வாசல், சீலிங், தரை, மின்சார மீட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பழைய காகிதம்வரை படம் எடுங்கள். மினிட்ஸ் புத்தகம் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று கேளுங்கள், பெரும்பாலும் செத்துப்போன செக்ரட்டரியின் மகள் வீட்டில் இருக்கும். முனிசிபாலிட்டியில் பழைய பிளான் கேளுங்கள். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியை ஹாலுக்குக் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீங்கள் வாயை மூடிக்கொண்டு ரெக்கார்டரை ஓடவிடுங்கள்.

நான் அப்படி ஒரு பெரியம்மாவைக் கூட்டிவந்தேன். பலகையை மடியில் வைத்த மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டே போனவர், கடைசிக்கு முந்தின வரியில் நிறுத்தினார். பெயர் இல்லை. ‘கறிகாய்க்காரம்மாள்’ என்று மட்டும் இருந்தது, எதிரே 5 ஷில்லிங். ஒப்பந்தக் காலத்தில் ஒரு ஆணுக்கு முதல் வருஷ மாதக் கூலி 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. பெரியம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. “இது எங்க ஆயாடா,” என்றார். “கூடை சுமந்து தெருத்தெருவா வித்துச்சு. பேரு கேட்டிருக்க மாட்டானுங்க.” பிறகு ஆயாவின் பெயரைச் சொன்னார். பலகையில் கை வைக்காமல், ஒரு காகிதத்தில் எழுதிப் பின்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.